பெயர் கேட்கும் சத்திரம்: இணையத்தில் அடையாளம், தனியுரிமை, பாதுகாப்பு



எந்தத் தோழரின் நினைவாக ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ, அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கூட்டங்களில் வருகைப் பதிவேட்டைச் சுற்றுக்கு விட மாட்டார். யார் வந்தார்கள் என்பது வந்தவர்களுக்குத் தெரிந்தால் போதும், தாளுக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது அவருடைய கருத்து. இளைஞர்களாக இருந்த எங்களுக்கு அது வேண்டாத அச்சமாகப் பட்டது. இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு வருகைப் பதிவேடு இருக்கிறது. எங்கே போனோம், யாரோடு பேசினோம், எதைப் பார்த்து நின்றோம் என்று அது எழுதிக்கொண்டே இருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் வயது வந்திருக்கிறது. ஆகவே இந்த ஆண்டு நினைவுப் பேருரையை அதைப் பற்றியதாக அமைத்துக்கொண்டேன்.

நான் கணினித் துறை வல்லுநன் அல்லன். மாணவர்களோடும் களத்தில் இருக்கும் தோழர்களோடும் பழகியதில் கற்றதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். பேச்சை பரோடாவிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு சத்திரமும் ஒரு பதிவேடும்

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பரோடா சமஸ்தானத்தில் பணியில் சேர வருகிறார். அந்த அரசின் உதவித்தொகையில் படித்தவர் என்பதால் அங்கே பணியாற்றக் கடமைப்பட்டவர். தங்குவதற்கு இடம் இல்லை. இந்துக்களின் விடுதியில் சேர்க்க மாட்டார்கள். பார்சிகளின் சத்திரம் ஒன்றுக்குப் போகிறார். பார்சிகள் அணியும் புனித உடையும் நூலும் அவர் உடம்பில் இல்லாததைச் சத்திரக் காவலர் கண்டுகொள்கிறார். சத்திரம் பார்சிகளுக்கு மட்டுமே உரியது. தங்குபவர் பெயரைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று அம்பேத்கரே வழி சொல்கிறார். வாடகை நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய். வேறு விருந்தினர் இல்லாத சத்திரம் என்பதால் காவலரும் ஒத்துக்கொள்கிறார்.

பதினோராம் நாள் காலையில், கைகளில் தடியோடு ஒரு கூட்டம் மாடியேறி வருகிறது. நீ யார், எதற்காக வந்தாய், பார்சிப் பெயரை எப்படி வைத்துக்கொண்டாய் என்று கேட்கிறார்கள். அன்று மாலைக்குள் வெளியேற வேண்டும் என்கிறார்கள். நண்பர்கள் இருவரிடம் போகிறார். இருவர் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. பம்பாய் வண்டி வரும்வரை பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்து ஊர் திரும்புகிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

இந்த நிகழ்ச்சியைத் தீண்டாமைக் கொடுமைக்குச் சான்றாகப் பலமுறை சொல்லியிருக்கிறோம். இன்று இன்னொரு கோணத்தில் பார்க்கலாம். ஓர் இடத்துக்குள் நுழையப் பெயரைக் கேட்கும் பதிவேடு இருக்கிறது. உண்மைப் பெயரை எழுதினால் இடம் இல்லை. புனைபெயரை எழுதினால் பத்து நாள் நிம்மதி. அந்தப் பெயர் உடைபட்டதும் தடி வருகிறது. இணையத்தில் அடையாளம், தனியுரிமை, பாதுகாப்பு என்று தனித்தனியாகப் பேசப்படும் மூன்றும் இந்த ஒரே நிகழ்ச்சியில் இருக்கின்றன. பெயர் என்பது அடையாளம். அதை யாருக்குச் சொல்வது என்று முடிவுசெய்வது தனியுரிமை. பெயர் தெரிந்த பிறகும் தடி வராமல் இருப்பது பாதுகாப்பு.

மறைக்கவும் உரிமை, அறிவிக்கவும் உரிமை

'மறைக்க எதுவும் இல்லாதவனுக்கு என்ன பயம்?' என்று கேட்பவர்கள் உண்டு. நம் தோழர்களிலும் சிலர் கேட்பார்கள்: நாம் தலைநிமிர்ந்து நம் பெயரைச் சொல்லத்தானே போராடினோம், இப்போது ஒளிந்துகொள்ளச் சொல்கிறீர்களா?

நம்முடைய வரலாறே இதற்கு விடை சொல்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய இதழின் பெயர் 'பறையன்'. ஊர் எந்தச் சொல்லால் இழிவுபடுத்தியதோ, அதே சொல்லைத் தலைப்பில் அச்சிட்டு வெளியிட்டார். 1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அப்போது அவர் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியர். அரசு ஊழியத்தில் இருந்தவர். ஆசிரியர் என்று இதழில் அவர் பெயர் இல்லை. வேறொருவர் பெயர் இருந்தது.

ஒருவர் பெயரை உரக்கச் சொன்னார். ஒருவர் தன் பெயரை வெளியிடாமல் வேலையைச் செய்தார். இருவரில் யாரும் கோழை இல்லை. எப்போது சொல்வது, எங்கே சொல்வது, யாரிடம் சொல்வது என்பதை இருவரும் தாங்களே முடிவுசெய்தார்கள். நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான். அறிவிக்கும் உரிமையும் மறைக்கும் உரிமையும் ஒரே உரிமை. அந்த முடிவு நம் கையை விட்டு அடுத்தவர் கைக்குப் போவதுதான் ஆபத்து. சாதி எப்போதும் அந்த முடிவை நம்மிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தது.

தமிழ்நாட்டில் சாதிப் பின்னொட்டு பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துதான் நிற்கிறது. ஆனாலும் பேச்சின் மூன்றாம் வாக்கியத்தில் 'எந்த ஊரு?' என்று வந்துவிடும். அதற்கடுத்து 'ஊருல எந்தப் பக்கம்?' வரும். பெயர் சொல்லாததை முகவரி சொல்லிவிடும். 'காலனி' என்ற சொல் அப்படி ஒரு சாதிக் குறியாகிவிட்டது என்பதால்தான், அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆனால் வீட்டுக்கு உணவும் பொருளும் கொண்டுவரும் செயலிகளில், வேலைக்கு விண்ணப்பிக்கும் தளங்களில், வங்கிப் படிவங்களில் நாம் ஏற்கெனவே நிரப்பிய முகவரிகள் அப்படியே கிடக்கின்றன.

உண்மைப் பெயர் வேண்டும் என்ற தளங்கள்

முகநூல் தொடக்கம் முதலே பயனர்கள் 'உண்மைப் பெயரில்' இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 2011இல் வந்த கூகுள் பிளஸ் அதே விதியை வைத்தது; கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2014இல் கைவிட்டது. அதே 2014இல் முகநூல், மேடைப் பெயரிலேயே வாழ்ந்த சான் பிரான்சிஸ்கோவின் பால்புதுமைக் கலைஞர்கள் பலரின் கணக்குகளை முடக்கியது. போராட்டம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்கத் தொல்குடி மக்களின் பெயர்கள் அந்த நிறுவனத்தின் கண்ணுக்கு உண்மைப் பெயர்களாகவே தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த பெயரை மெய்ப்பிக்க அடையாள அட்டை காட்டச் சொன்னார்கள்.

கேரளத்தில் 2015இல் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. சாதிப் பின்னொட்டை வேண்டாமென்று விட்டு எழுதிவந்த ஒரு பெண் செயற்பாட்டாளரின் கருத்துப் பிடிக்காதவர்கள் கூட்டமாகப் புகார் கொடுத்தார்கள். கணக்கு முடங்கியது. அடையாள அட்டை கேட்கப்பட்டது. கணக்கு திரும்பி வந்தபோது, அவர் துறந்த சாதிப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு மனிதர் அரசியல் தெளிவோடு கழற்றி எறிந்ததை ஒரு தளத்தின் விதி எடுத்து மாட்டிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது புகார்ப் பொத்தான். அதை அழுத்துபவர் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை; கூட்டமாக அழுத்தலாம். உண்மைப் பெயர் விதி அவதூறைத் தடுக்கும் என்றார்கள். சாதிப் பெயரைத் தன் பெயரோடு பெருமையாகப் போட்டுக்கொண்டு, முகத்தைக் காட்டிக்கொண்டே வசைபாடுபவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். சாதியச் சமூகத்தில் உண்மைப் பெயர் ஒருவருக்குக் கவசம், இன்னொருவருக்குக் காயம்.

சொல்லாமலே தெரிந்துகொள்வது

பெயரை மறைத்துவிட்டால் போதுமா? போதாது. 2013இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிகல் கொசின்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 58,000க்கும் மேற்பட்ட முகநூல் பயனர்கள் எவற்றுக்கெல்லாம் 'லைக்' போட்டார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதை வைத்து ஒருவர் கறுப்பினத்தவரா வெள்ளையரா என்பதை 95 விழுக்காடு சரியாகப் பிரிக்க முடிந்தது. எந்தக் கட்சிக்காரர் என்பது 85 விழுக்காடு.

அந்த ஆய்வில் சாதி இல்லை. ஆனால் கணக்கு ஒன்றுதான். ஏப்ரல் 14இல் நாம் வைக்கும் முகப்புப் படம், பின்தொடரும் பக்கங்கள், பகிரும் பாட்டு, வாழ்த்துச் சொல்லும் நண்பர்கள் எல்லாம் சேர்ந்தால் சாதிச் சான்றிதழுக்குத் தாசில்தார் தேவையில்லை. நாம் விரும்பி வைத்த படம் நம் அறிவிப்பு. அதில் பெருமை உண்டு. அந்தப் படத்தை மற்ற நூறு துண்டுகளோடு சேர்த்து, வேலைக்கு ஆள் எடுப்பவருக்கோ வீடு வாடகைக்குக் கொடுப்பவருக்கோ நம்மைப் பற்றி ஒரு முடிவு கட்டிக் கொடுப்பது நம் அறிவிப்பு ஆகாது.

நாம் எச்சரிக்கையாக இருந்தாலும் நம்மைச் சுற்றியிருப்பவர்கள் வழியாக நாம் வெளிப்படுவோம். 2018இல் வெளியான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில், ஒரு வினாடி வினாச் செயலியைப் பயன்படுத்தியவர்கள் சில லட்சம் பேர்தான். நண்பர்கள் பட்டியல் வழியாக 8 கோடியே 70 லட்சம் பேர் வரை தரவு போயிருக்கலாம் என்று முகநூலே ஒப்புக்கொண்டது. நம் செல்பேசி எண்ணைத் தன் தொடர்புப் பட்டியலில் வைத்திருக்கும் ஒருவர் அந்தப் பட்டியலை ஒரு தளத்தில் ஏற்றினால் போதும். 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று நம் முகம் எவருக்கோ போய் நிற்கும்.

பெரிய நிறுவனங்களைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. நான் படித்த கல்லூரியில் ஆதிதிராவிடர் உதவித்தொகை பெறுவோர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். மதிய உணவு இடைவேளையில் ஒரு கூட்டம் அதன் முன்னால் நிற்கும். அவர்களில் உதவித்தொகைக்காரர்கள் குறைவு. மறுநாளிலிருந்து என் அறையில் இருந்த ஒருவன் என் தட்டில் கைவைத்துச் சாப்பிடுவதை நிறுத்தினான். ஒரு வார்த்தை சொல்லவில்லை; தட்டை மட்டும் மாற்றிக்கொண்டான். இன்று அதே பட்டியல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் கோப்பாக வருகிறது. அதில் பெயர், சாதி, வங்கிக் கணக்கு, செல்பேசி எண் எல்லாம் இருப்பதாக மாணவர்கள் சொல்கிறார்கள். பலகையில் ஒட்டிய தாளை மழை நனைக்கும். கோப்பு நனையாது.

படித்து, வேலைக்குப் போய், கடல் கடந்த பிறகும் அந்தப் பட்டியல் பின்னால் வரலாம். 2020 ஜூன் மாதம் கலிபோர்னியா மாநில அரசின் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் அதன் மேலதிகாரிகள் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. ஒரு தலித் பொறியாளர் ஐ.ஐ.டி.யில் இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பதை, அதே நிறுவனத்தில் படித்த மேலதிகாரி சக ஊழியர்களிடம் வெளிப்படுத்தினார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அது மறுக்கப்பட்டது. அதிகாரிகள் இருவர் மீதான வழக்கை 2023இல் அரசுத் துறையே விலக்கிக்கொண்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வழக்கு ஆவணத்தில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. 'ஜான் டோ' என்ற பொதுப் பெயர்தான் இருந்தது. நீதி கேட்கப் போகும்போதும் பரோடா சத்திரத்துப் பதிவேட்டைப் போல ஒரு மாற்றுப் பெயர் தேவைப்பட்டது.

மெய்நிகர் உலகில் தூரம்

எழுத்தும் படமும் மட்டும் இருக்கும் தளங்களைத் தாண்டி, பொம்மை உருவத்தில் நாமே உள்ளே நடமாடும் மெய்நிகர் உலகங்கள் வந்துவிட்டன. 2003இல் வந்த 'செகண்ட் லைஃப்' போன்றவற்றில் பெயரும் உருவமும் நாமே தேர்ந்துகொள்ளலாம். சாதியில்லாத ஓர் உடம்பு கிடைத்துவிட்டது என்று முதலில் தோன்றும். இங்கே விளையாட்டுச் செயலிகளில் விளையாடும் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். குழுப் பெயரிலேயே சாதி இருக்கும். குரல் அரட்டையில் தோற்றவனைத் திட்ட வரும் முதல் சொல் நம் சாதிப் பெயராக இருக்கும். பொம்மைக்குச் சாதி இல்லை. அதை ஆட்டும் கைக்கு இருக்கிறது.

2021 இறுதியில் மெட்டா நிறுவனத்தின் 'ஹொரைசன் வேர்ல்ட்ஸ்' மெய்நிகர் உலகத்தைச் சோதித்துப் பார்த்த ஒரு பெண், அங்கே தன் உருவத்தை ஒருவர் தகாத முறையில் தொட்டதாகப் புகார் சொன்னார். 2022 பிப்ரவரியில் அந்த நிறுவனம் ஒவ்வோர் உருவத்தைச் சுற்றியும் ஓர் எல்லையை வைத்தது. இரண்டு உருவங்களுக்கு இடையே ஏறக்குறைய 4 அடி தூரம்.

தூரம் என்றதும் நமக்கு வேறு நினைவுகள் வரும். எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று சாதி நமக்கு அளந்து சொன்னது. அந்தத் தூரத்தை அடுத்தவன் வைத்தான், நம் உடம்பு தீட்டு என்று சொல்லி. ஒரு பெண் தன்னைச் சுற்றி வைத்துக்கொள்ளும் தூரம், தன் உடம்பு தனக்குரியது என்று சொல்கிறது. தனியுரிமை கேட்பதும் தீண்டாமையும் ஒன்று என்று எவராவது குழப்பினால் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

மெய்நிகர் உலகில் புனைபெயரும் நெடுநாள் நிற்காது. 2023இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தலைக்கருவி அணிந்து விளையாடிய 50,000க்கும் மேற்பட்டோரின் தலை, கை அசைவுகளை ஆராய்ந்தார்கள். 100 நொடி அசைவைக் கொண்டு, அத்தனை பேரில் அவர் யார் என்பதை 94 விழுக்காடு சரியாகச் சொல்ல முடிந்தது. பார்சி நூல் இல்லாத உடம்பைச் சத்திரக் காவலர் கண்டுகொண்டார். இங்கே தலையைத் திருப்பும் விதமே போதும்.

தகவல் உயிரைக் கேட்கும் இடம்

இவையெல்லாம் மனவருத்தத்தோடு முடிகிற செய்திகள் அல்ல. 2015 ஜூனில் பொறியியல் படித்த தலித் இளைஞர் கோகுல்ராஜ், திருச்செங்கோடு கோயிலில் ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. அதற்காகவே கடத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் முதன்மைக் குற்றவாளியாகப் பின்னர் தண்டிக்கப்பட்டவர், தலைமறைவாக இருந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை வெளியிட்டுக்கொண்டிருந்தார். ஒரே கருவி ஒருவருக்கு மேடை, இன்னொருவருக்குப் பொறி. யார் யாரோடு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்ற தகவல் இந்த நாட்டில் உயிரின் விலை உள்ள தகவல். சாதி கடந்து காதலிக்கும் இளைஞர்களின் இருப்பிடப் பகிர்வு, குறியிடப்பட்ட ஒரு படம், கடவுச்சொல் தெரிந்த ஒரு உறவினர் என்று எதுவும் சின்ன விஷயம் இல்லை.

செயற்பாட்டாளர்களுக்கு ஆபத்து வேறு திசையிலிருந்தும் வரும். பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனத்தின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியானது. 2016 ஜூனில் வந்த ஒரு மின்னஞ்சல் இணைப்பைத் திறந்ததிலிருந்து ஏறக்குறைய 22 மாதம் அந்தக் கணினி வேறொருவர் கட்டுப்பாட்டில் இருந்ததாகவும், வழக்கில் சான்றாகக் காட்டப்பட்ட கோப்புகள் வெளியிலிருந்து வைக்கப்பட்டதாகவும் அந்த அறிக்கை கூறியது. அதே வழக்கில் அறிஞர் ஆனந்த் டெல்டும்டே 2020இல் அம்பேத்கர் பிறந்த நாளன்று சரணடைந்து சிறை சென்றார். தெரிந்த ஒருவர் பெயரில் வரும் இணைப்பை யோசிக்காமல் திறப்பதன் பொருள் இதுதான்.

சட்டம் தருவதும் தராததும்

2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். தனியுரிமை வசதி படைத்தவர்களின் கவலை, ஏழைகளுக்குச் சோறும் நலத்திட்டமும் போதும் என்ற வாதத்தையும் அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை. நமக்கு இது முக்கியமான பகுதி.

ஆனால் 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், சாதி அல்லது பழங்குடி என்ற தகவல் கூடுதல் பாதுகாப்புக்குரிய தரவு வகையில் இடம்பெற்றிருந்தது. அந்த மசோதா 2022இல் திரும்பப் பெறப்பட்டது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அப்படி ஒரு தனி வகையே இல்லை. நம் சாதியும் நம் மின்னஞ்சல் முகவரியும் அந்தச் சட்டத்தின் முன் ஒன்றுதான். மாணவர் அமைப்புகள் கையில் எடுக்க வேண்டிய கோரிக்கை இது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் கையில் உள்ள வலுவான கருவி. பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது பிரிவு 3(1)(ஆர்) கீழும், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்) கீழும் குற்றம். இணையம் 'பொதுமக்கள் பார்வை' ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. 2022இல் கேரள உயர் நீதிமன்றம், யூடியூப் காணொளியில் பேசியதும் அதில் அடங்கும் என்றது. பாதிக்கப்பட்டவர் நேரில் இருக்க வேண்டியதில்லை, அந்தக் காணொளி பார்க்கப்படும் ஒவ்வொரு முறையும் அவர் அங்கே இருப்பதாகவே கொள்ளலாம் என்றது. மறுபக்கம், நான்கு சுவருக்குள் வெளியாட்கள் இல்லாமல் நடந்த வசை இந்தப் பிரிவில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஹிதேஷ் வர்மா வழக்கில் கூறியிருக்கிறது. பூட்டிய குழுக்களுக்குள் நடக்கும் வசை இந்த இரண்டுக்கும் நடுவில் வாதாட வேண்டிய இடத்தில் நிற்கிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கதவைப் பூட்டுங்கள். வாட்ஸ்அப், மின்னஞ்சல், முகநூல், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் இரண்டு படிச் சரிபார்ப்பை இன்றிரவே இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணை எவர் கேட்டாலும், சொந்த அண்ணன் பெயரில் கேட்டாலும், சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி அங்கே இருந்தால் உடனே நீக்குங்கள்.

இரண்டாவது, முகங்களைப் பிரித்து வையுங்கள். அமைப்பு வேலைக்கு ஒரு கணக்கு, குடும்பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வதில் பொய் எதுவும் இல்லை. சாதாரண வாட்ஸ்அப் குழுவில் சேரும் ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய எண்ணும் தெரியும். பெண்களும் மாணவர்களும் உள்ள பெரிய குழுக்களுக்கு அது ஏற்றதில்லை. சிக்னல் செயலியில் 2024 முதல் எண்ணைக் காட்டாமல் ஒரு பயனர் பெயரைக் கொடுத்தே பேச முடிகிறது.

மூன்றாவது, படம் போடும் முன் கேளுங்கள். கூட்டத்தில் எடுத்த படத்தில் இருக்கும் ஒரு பெண் வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கலாம். ஓர் இளைஞர் அரசு வேலைக்குக் காத்திருக்கலாம். பொதுவில் கிடந்த படங்களை எடுத்து இஸ்லாமியப் பெண்களை ஏலத்துக்கு விடுவது போல 2021இலும் 2022 தொடக்கத்திலும் செயலிகள் உருவாக்கப்பட்டதை மறக்க வேண்டாம். செல்பேசியில் எடுத்த படக் கோப்புக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். படத்தை ஆவணமாக அனுப்பினால் அவையும் கூடவே போகும்.

நான்காவது, சான்றைக் காப்பாற்றுங்கள். வசை வந்தால் முதலில் அழிக்கத் தோன்றும். அழிக்காதீர்கள். திரைப் பிடிப்பில் இணைய முகவரியும், கணக்கின் பெயரும், நாளும் நேரமும் தெரிய வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் தேவை; அது முன்பிருந்த 65பி பிரிவின் இடத்தில் வந்தது. படம் பதிந்த செல்பேசியையும் பத்திரமாக வையுங்கள். ஆள்மாறாட்டம், உருமாற்றிய படம் போன்றவற்றைப் பாதிக்கப்பட்டவரின் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் தளங்களுக்குக் கட்டளையிட்டன. தளத்துக்கும், தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்துக்கும், வன்கொடுமை என்றால் காவல் நிலையத்துக்கும் ஒரே நாளில் எழுதுங்கள்.

ஐந்தாவது, பட்டியல் கேட்பவரிடம் கேள்வி கேளுங்கள். கல்லூரி உதவித்தொகைப் பட்டியலைக் குழுவில் போட்டால், பெயரும் சாதியும் இல்லாமல் விண்ணப்ப எண்ணை மட்டும் போடலாமே என்று எழுத்தில் கேளுங்கள். இதற்குச் சட்டமும் பணமும் தேவையில்லை. நாலு கையெழுத்து போதும். நம் அமைப்புகளும் இதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர் பட்டியல் யார் செல்பேசியில் இருக்கிறது? அவர் விலகிப் போனால் அது எங்கே போகும்?

ஆறாவதுதான் மிக முக்கியம். தனியாக எவரையும் விடாதீர்கள். ஒரு மாணவியைக் கூட்டமாகத் தாக்கும்போது, அவள் கணக்கைப் பூட்டிக்கொண்டு அழுவதுதான் நடக்கிறது. அந்த வசைகளைப் படித்துச் சான்றாகச் சேர்க்கும் வேலையை அவளே செய்ய வேண்டியதில்லை. இரண்டு தோழர்கள் செய்யலாம். ஒருவர் புகார் எழுதலாம். ஒருவர் அவள் வீட்டுக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்து பேசலாம்.

தோழர்களே, பரோடாவில் அந்தக் காலையில் தடியோடு வந்தவர்கள் ஒரு டஜன் பேர். அண்ணல் தனியாக இருந்தார். அன்று இரண்டு கதவைத் தட்டினார், இரண்டும் திறக்கவில்லை. அந்த நாளை நாம் படிக்கும்போதெல்லாம் தடி வைத்திருந்தவர்கள் மீதுதான் கோபம் வருகிறது. எனக்குத் திறக்காத கதவுகள்தான் அதிகம் நினைவுக்கு வருகின்றன. இன்றிரவு உங்கள் செல்பேசியில் பூட்டைப் போட்ட பிறகு, ஆபத்தில் இருக்கும் தோழர் எந்த நேரத்திலும் அழைக்கலாம் என்று ஒரே ஓர் எண்ணையாவது உங்கள் குழுவில் அறிவியுங்கள். வருகைப் பதிவேடு வேண்டாம் என்று சொன்ன நம் தோழரின் வீட்டுக் கதவு அப்படித்தான் திறந்திருந்தது.